மலையுச்சியில் நட்ட வெள்ளக் கம்பம்

வெண்குடுமி மலை என்று ஒன்று. வருஷத்தில் எட்டு மாசம் அங்கே பனி கொட்டும். வெயில் காலம் தொடங்கியதும் அத்தனையும் உருகி, அடிவாரத்து ஆற்றில் இறங்கி, வெள்ளமாக ஊருக்குள் வரும். இதைச் சமாளிக்க அரசாங்கம் ஐந்து பேர் கொண்ட ஒரு படையை அனுப்பியது. ஐந்து பேரும் ரொம்ப நல்லவர்கள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல இடம் கிடைக்காது.

படைத் தலைவர் பெயர் சிதம்பரேசன். அவர் சட்டைப்பையில் அரசாணை ஒன்று நாலாக மடித்து இருக்கும். அதில் எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் செய்வார். எழுதாததை நீங்கள் தலைகீழாக நின்றாலும் செய்யமாட்டார்.

'கையருகில் கிடைப்பதைச் சாக்கில் நிரப்பி ஆற்றோரம் அணை கட்டவும்' என்றது முதல் வரி.

“மணல் போடலாமா, தலைவரே?” என்று கேட்டார் ஆவுடையப்பன். படையில் கொஞ்சம் யோசிக்கக்கூடியவர் என்று பெயர் வாங்கியவர் அவர்.

“மணல் நூறு அடி தள்ளிக் கிடக்கு. கையருகில்னா, கையை நீட்டினா எட்டணும்யா.”

எல்லோரும் கையை நீட்டினார்கள். பனி எட்டியது. முந்நூறு சாக்கில் பனியை அள்ளி நிரப்பி, வாயைத் தைத்து, ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள். ஊர் ஜனங்கள் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

மூன்று நாள் நல்ல வெயில். அணை இடுப்பளவுக்கு இறங்கியது, முழங்காலுக்கு இறங்கியது, கடைசியில் ஈரச் சாக்காகத் தரையில் படுத்தது.

“வெள்ளம் வர்றதுக்குள்ள அணையே ஆத்துல இறங்கிப் போயிடுச்சே!” என்று பதறினார் குழந்தைவேலு. படையில் இளகிய மனசுக்காரர் இவர்தான்.

“சாக்கை எண்ணிப் பாரும். முந்நூறும் இருக்கா? அப்புறம் என்ன? ஒரு சாக்குகூடச் சேதமில்லைன்னு எழுதிக்கும்,” என்றார் தலைவர்.

அடுத்த வரி, 'அரசாங்கப் பொருள் எதுவும் வெள்ளத்தில் போகக் கூடாது' என்றது. சுற்றுமுற்றும் தேடினார்கள். ஆற்றுக்குள் நட்டிருந்த வெள்ளம் அளக்கும் கம்பம் கண்ணில் பட்டது. முழங்கால் உயரத்தில் ஒரு சிவப்புக் கோடும், அரசாங்க முத்திரையும் அதில் இருந்தன.

“கம்பத்தைப் பிடுங்கிட்டா வெள்ளத்தை எப்படி அளக்கிறது?” என்றார் ஆவுடையப்பன்.

“வெள்ளத்தோட போயிட்டா மட்டும் அளந்துடுவீரா? பத்திரமான இடத்துல வெச்சு நிதானமா அளப்போம்.”

நியாயமாகத்தான் பட்டது. கம்பத்தைப் பிடுங்கி, கூடவே அரசாங்கம் கொடுத்திருந்த படகையும் சுமந்துகொண்டு, மலையுச்சிக்குப் போனார்கள். தூக்குக்குண்டு பிடித்து, ஒரு நூல்கூடச் சாயாமல் கம்பத்தை அங்கே நட்டார்கள்.

மறுநாள் காலை வெள்ளம் வந்தது. ஊரார் முன்பே மேட்டுக்குப் போய்விட்டார்கள். தங்கபுஷ்பம் மட்டும் மூச்சிரைக்க உச்சிக்கு ஓடிவந்தாள். அவளுக்கு இருந்ததெல்லாம் சிட்டு என்கிற ஒரே ஒரு மாடு.

“ஐயா, தண்ணி கொட்டகையச் சுத்திக்கிச்சு! சிட்டு உள்ள மாட்டிக்கிச்சுய்யா, நிறைமாசம். படகைக் கொடுங்க!”

சிதம்பரேசன் ஆணையைப் பிரித்தார். 'கம்பத்தின் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் மட்டுமே படகை இறக்கவும்.' ஐந்து பேரும் கம்பத்தைப் பார்த்தார்கள். அதன் மேல் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது.

“சொட்டுத் தண்ணி இல்லையேம்மா.”

“கீழ பாருங்கய்யா!”

“கம்பத்தைப் பார்க்கத்தாம்மா உத்தரவு. கீழ பார்க்க உத்தரவு இல்லை.”

தங்கபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். குழந்தைவேலுவும் சேர்ந்து அழுதார். நல்லவர்கள் என்று சொன்னேன் அல்லவா? அப்போதுதான் ஆவுடையப்பன் யோசித்தார்.

“வெள்ளம் இங்க வராட்டி என்ன தலைவரே? நாம போய்க் கொண்டுவருவோம்!”

கம்பத்தைச் சுற்றி மண்ணால் வரப்பு கட்டினார்கள். உள்ளே தார்ப்பாய் விரித்தார்கள். ஆளுக்கு இரண்டு வாளியோடு மலையிறங்கி, வெள்ளத்தை மொண்டு, மலையேறி ஊற்றினார்கள். வேர்த்துக் கொட்டியது. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

தங்கபுஷ்பம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படகில் சுருட்டிக் கிடந்த கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கயிற்றைப் பற்றி ஆணையில் எதுவும் இல்லாததால் யாரும் தடுக்கவில்லை. ஒரு முனையைக் கரையோர மரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றி, மார்பளவு ஐஸ் தண்ணீரில் இறங்கினாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி மாட்டோடு கரையேறினாள். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு காய்ந்த இடம் தேடி மாட்டை உச்சிக்கு ஓட்டினாள். பாதி வழியில் ஐந்து பேரும் நிறைந்த வாளிகளோடு பின்னாலேயே ஏறிவந்தார்கள்.

“கொஞ்சம் ஒதுங்கும்மா,” என்றார் குழந்தைவேலு. “உன் மாட்டைக் காப்பாத்தத்தான் அவசரமாப் போயிட்டிருக்கோம்.”

கடைசி வாளி விழுந்தது. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

“அபாயம்! படகை இறக்குங்க!” என்று கத்தினார் தலைவர்.

நாலு பேர் படகைத் தோளில் தூக்கினார்கள். அதற்குள், மலையேறிய களைப்பில் வந்த சிட்டு தொட்டிக்குள் தலையை விட்டது. குடித்தது, குடித்தது, அப்படிக் குடித்தது. நிமிர்ந்தபோது தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது.

“நிறுத்துங்க! வெள்ளம் வடிஞ்சிடுச்சு!”

படகை நனையாமல் இறக்கிவைத்தார்கள். சாயங்காலமே சிட்டு கன்று போட்டது. 'அபாய அளவைத் தொட்ட வெள்ளத்தை ஒரு மாடு குடித்து அடக்கியது' என்று அறிக்கை போயிற்று.

ஒரே வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. சிட்டுவைப் படையின் துணைத் தலைவராகவும், கன்றைக் கடைநிலை ஊழியராகவும் நியமித்திருந்தார்கள். ஐந்து பேரும் தங்கபுஷ்பத்தின் கொட்டகைக்குப் போய் விறைப்பாக சல்யூட் அடித்தார்கள். கன்று திரும்பிக்கூடப் பார்க்காமல் பால் குடித்துக்கொண்டிருந்தது.

“தண்ணி குடிக்கிற வேலையில சேர்ந்துட்டுப் பாலா குடிக்கிறே?” என்று கோபப்பட்ட சிதம்பரேசன், அங்கேயே ஒரு மெமோ எழுதி அதன் முன்னால் நீட்டினார். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

கன்று மோந்து பார்த்தது. சிட்டு எட்டி வாங்கி, மென்று விழுங்கியது.

“ஐயையோ, மெமோ போச்சே!” என்றார் குழந்தைவேலு.

“போகலைய்யா,” என்றார் சிதம்பரேசன் நிம்மதியாக. “கடைநிலை ஊழியருக்கு மெமோ துணைத் தலைவர் வழியாத்தான் போகணும்னு விதி இருக்கு. நாமதான் முறை தப்பிட்டோம்.”