பாறையைப் பிளந்த பூவாயி

வேங்கைபுரத்து வாய்க்காலில் பெரும்பாறை ஒன்று உருண்டு விழுந்து தண்ணீரை மறித்துவிட்டது. பயிர் வாடியது. மூன்று நாள் அடித்தும் சம்மட்டிதான் உடைந்தது. அரண்மனைப் பண்டிதர் நரசிம்மர் ஏடுகளையெல்லாம் புரட்டிவிட்டு, "இதற்கு வழியே இல்லை" என்று ராஜாவிடம் சொன்னார்.

"நான் பிளக்கிறேன் சாமி" என்று முன்னால் வந்தாள் சமையல்காரி பூவாயி.

பண்டிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "பெரிய யோசனை அடுப்படியில் பிறக்குமா? தோற்றால் ஊரைவிட்டே போய்விட வேண்டும், சம்மதமா?"

"சம்மதமுங்க."

கல்தச்சர்களைக் கொண்டு பாறையில் வரிசையாகத் துளை போட்டாள். துளைகளில் காய்ந்த மர முளைகளை இறுக அடித்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வைத்தாள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பொழுது சாயும் நேரம், படீர்! பாறை இரண்டாகப் பிளந்து விலகியது. தண்ணீர் சீறிப் பாய, ஜனங்கள் வாய்க்காலில் குதித்து ஆடினார்கள்.

"எந்த ஏட்டில் படித்தாய்?" என்று பண்டிதர் திகைத்தார்.

"ஏடு ஏதுங்க சாமி? ஜாடி நிறையக் கொண்டைக்கடலை போட்டு, ஊற வச்சு, இறுக மூடியிருந்தேன். ஜாடி வெடிச்சுப்போச்சு. இத்துனூண்டு கடலைக்கு இவ்வளவு பலமான்னு யோசிச்சேன். மழை பேஞ்சா என் வீட்டுக் கதவும் ஊதிக்கிட்டு மூட மாட்டேங்குதே! அப்போ மரத்துக்கும் அந்தப் பலம் உண்டுன்னு புரிஞ்சுது."

மறுநாள் விடிந்ததும் பண்டிதர் சமையல்கட்டு வாசலில் எழுத்தாணியோடு நின்றார்.

"அம்மா, இன்றைக்கு என்ன ஊறப் போட்டிருக்கிறாய்?"