ரம்பம் கப்பலை விட்டுப் போன கதை

அந்தக் காலத்தில் வடகடல் நாட்டில் மரமும் இரும்பும் பேசிக்கொண்டேதான் வேலை செய்தன. கப்பல் கட்டும் கரையில் பொழுது விடிந்தால் ஒரே பேச்சாக இருக்கும்.

அங்கே யோருன் என்ற தச்சப்பெண் இருந்தாள். சீல் என்னும் கடல்நாய் வேட்டைக்குப் போன அவள் தம்பி ஓத்தர், படகு உடைந்து எதிரே இருந்த பாறைத் தீவில் மாட்டிக்கொண்டான். அவன் மூட்டும் தீயின் புகை கரையிலிருந்து தெரிந்தது. ஊர்க் கப்பல்கள் எல்லாம் தெற்கே வாணிபத்துக்குப் போயிருந்தன. கடல் உறைவதற்குள் புதிதாக ஒன்று கட்டியாக வேண்டும்.

கரையில் இரண்டு ஓக் மரங்கள் வெட்டிக் கிடந்தன. ஆப்பு முதல் மரத்தின் அருகில் போய், “அண்ணே, உனக்குள் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது?” என்று கேட்டது.

ரம்பம் சிரித்தது. “பெண் பார்க்க வந்தவன் மாதிரி விசாரிக்கிறான் பார்! யோருன், என்னிடம் விடு. நூல் பிடித்தது போல நேராக அறுத்துத் தருகிறேன்.”

“மரமே முறுக்கிக்கொண்டு வளர்ந்திருக்கிறதே?” என்றது கோடரி.

“இருக்கட்டுமே. பலகை நேராக இருந்தால் போதாதா?”

யோருன் தூரத்துப் புகையைப் பார்த்தாள். ரம்பத்தைக் கையில் எடுத்தாள்.

பலகைகள் அவ்வளவு அழகாக வந்தன. ஆப்புகூட ஒன்றைத் தடவிப் பார்த்தது. ஆனால் அவற்றால் கட்டிய கப்பல் நடுக்கடலுக்குப் போகுமுன்னே, முதல் பெரிய அலையில் ஒரு பலகை முறிந்தது. யோருன் தண்ணீரை இறைத்து இறைத்துக் கரைக்குத் திரும்பினாள்.

“நேராகத்தானே அறுத்தேன்?” என்றது ரம்பம்.

“நேராகத்தான்,” என்றது முறிந்த பலகை. “என் நார்தான் நேராக இல்லை. ஒவ்வொன்றையும் பாதியில் துண்டித்துவிட்டாய். அலை தள்ளியபோது ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வழியில்லை.”

அன்று மாலை புகை மெலிந்திருந்தது.

யோருன் இரண்டாவது மரத்திடம் போனாள். இந்த முறை அவளே கேட்டாள்.

“நடுவிலிருந்து பட்டையைப் பார்த்துப் போ,” என்றது மரம். “பாதியில் இடப்பக்கம் திரும்பும். நான் சின்னவனாக இருந்தபோது மேற்குக் காற்று அதிகம்.”

ஆப்பு உள்ளே நுழைந்தது. கொட்டாப்புளி அதன் தலையில் அடித்தது. மரம் தன் வழியிலேயே பிளந்தது. பலகைகள் கொஞ்சம் கோணல்தான். கோடரி அவற்றை மெல்லியதாகச் செதுக்கியது. யோருன் ஒன்றின் விளிம்பில் இன்னொன்றை ஏற்றி ஆணி அறைந்தாள். கடலில் இறங்கியதும் அலைக்குத் தகுந்தபடி கப்பல் முழுவதும் மீன்போல நெளிந்து கொடுத்தது.

ஓத்தர் உயிரோடு வந்து சேர்ந்தான். தலைமுடியும் தாடியும் உப்பும் சீல் கொழுப்புமாகச் சடை பிடித்திருந்தன.

“அக்கா, முதலில் சாப்பாடு.”

“முதலில் தலையைப் பார். உள்ளே பறவை கூடு கட்டியிருக்கும்.”

மூலையிலிருந்த ரம்பம் மெதுவாகக் கேட்டது: “எனக்கு இனி இங்கே வேலை உண்டா?”

யோருன் ஒரு மான் கொம்பை அதன் முன் வைத்தாள். “இதில் சீப்புக்குப் பல் பல்லாக அறு. எவ்வளவு நேராக வேண்டுமானாலும் அறு. யாரும் மூழ்கமாட்டார்கள்.”

அன்று முதல்தான் அந்த நாட்டில் கப்பல் பலகைக்கு மரத்தை ஆப்பு வைத்துப் பிளக்கிறார்கள். ரம்பம் சீப்பு செய்கிறவர் வீட்டில் இருக்கிறது.