ஒன்பது வால் சிங்கம்

முன்னொரு காலத்தில் செங்காட்டு நாட்டைத் திக்குவென்றான் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். எந்தத் திக்கை வென்றான் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்ட இரண்டு பேர் இன்னும் வீடு திரும்பவில்லை.

ஒருநாள் அவனுக்குச் சித்திரக் கிறுக்குப் பிடித்தது. சபாமண்டபத்துச் சுவரில் காவியும் மஞ்சளும் நீலமுமாக அள்ளி அப்பிவிட்டு, "இது என்ன, சொல்லுங்கள்" என்றான். சபையோர் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நகர்ந்தார்கள். சித்திர விளக்கப் பண்டிதர் அம்பலக்கூத்தர் மட்டும், "சிங்கம் மகாராஜா! அதோ, அந்த மூலையில் பிடரி சிலிர்க்கிறதே!" என்றார். ராஜா மீசையைத் தடவினான். அன்றிலிருந்து அது சிங்கம். எல்லாத் தலைகளும் ஆடின. தலையை வேறு வேலைக்குப் பயன்படுத்தி அவர்களுக்குப் பழக்கமில்லை.

அரண்மனைக்கு வெள்ளையடிப்பவள் மாடத்தி. அவள் மகள் இசக்கிக்கு ஐந்து வயது. அம்மா வேலை முடிக்கும்வரை அந்தச் சித்திரத்தின் முன்னால் உட்கார்ந்து நாளுக்கொரு கதை கட்டுவாள். அரண்மனைப் பிள்ளைகள் பண்டிதரின் பாடத்தைப் போட்டுவிட்டு அவளைச் சுற்றிக் கூடினார்கள். பண்டிதருக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா, சுண்ணாம்புக்காரி மகள் தங்கள் சிங்கத்தைச் சிங்கமே இல்லை என்கிறாள். நாக்கில் சூடு போட்டால்தான் நாடு உருப்படும்."

"போடுங்கள்" என்றான் ராஜா, வெற்றிலையை மென்றபடி. கரியடுப்பில் சூட்டுக்கோல் பழுத்தது.

மாடத்தி ஓடி வந்தாள். மகளை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். அழுதால் இவர்களுக்குக் கொண்டாட்டம். அழக்கூடாது.

"மகாராசா, எம்மவ சின்னப்புள்ள. சிங்கத்தைக் கண்டதில்ல. சபையிலுள்ள பெரியவுக ஒவ்வொருத்தரா வந்து, வாலு எங்கேன்னு இந்தச் சுண்ணாம்புத் தண்ணியத் தொட்டு ஒரு பொட்டு வைக்கட்டும். பாத்து அவளும் திருந்திக்கிடுவா. அதுக்கப்புறம் சூடு போடுங்க சாமி."

"வாலா? கண் உள்ளவனுக்கு வால் தெரியாதா!" என்று சிரித்தார் பண்டிதர்.

பண்டிதரோடு சேர்த்துச் சபைப் பெரியவர்கள் ஒன்பது பேரும், மற்றவர்கள் வெளியே நிற்க, ஒருவர்பின் ஒருவராக உள்ளே வந்து பொட்டு வைத்தார்கள். முன்னால் போனவர் வைத்த பொட்டு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. நீர்த்த சுண்ணாம்பு ஈரத்தில் தெரியாது, காய்ந்தால்தான் வெளுக்கும். வாழ்நாளில் ஒரு சுவருக்கும் வெள்ளையடிக்காதவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

சற்று நேரத்தில் சுவர் காய்ந்தது. அம்மை போட்ட மாதிரி ஒன்பது பொட்டுகள், ஒன்பது இடத்தில்.

"ஒம்பது வாலு சாமி" என்றாள் மாடத்தி. "பிடரின்னு பண்டிதர் அன்னிக்குக் காட்டின மூலையில ஒரு வாலு இருக்கே, அது அவரே வச்சது. சுண்ணாம்புக் கிண்ணம் பிடிச்சது நான்தானே. நெசமான வாலு எதுன்னு, வரைஞ்ச நீங்கதான் சொல்லணும்."

ராஜா நெளிந்தான். "நான் வரைந்தது... மயில்."

"பின்னே ஏன் சாமி அப்பவே சொல்லல?"

"சிங்கம் என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது."

சபை கூரையைப் பார்த்தது. ராஜா இசக்கியைக் கூப்பிட்டான். "உனக்கு என்ன தெரிகிறது?"

முந்தானைக்குள்ளிருந்து ஒரு விரல் நீண்டது. "மழை பெய்யுது. எங்கம்மா தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு என்னைத் தூக்கிட்டு ஓடுறா. இது சாக்கு. இது அவ காலு. இந்தச் செவப்பு நானு."

ராஜா தலையைச் சாய்த்தான். சித்திரத்தில் அம்மா ஓடிக்கொண்டுதான் இருந்தாள். எவ்வளவு முயன்றும் அவன் மயிலே அவனுக்குத் திரும்பத் தெரியவில்லை.

"நேற்று என்ன தெரிந்தது?"

"நேத்து தேரு கவுந்து கெடந்திச்சு."

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். "சூட்டுக்கோலைத் தண்ணீரில் போடு! மாடத்தி, என்ன வேண்டும் கேள்."

"பள்ளிக்கூடத்து நீளச் சுவருக்கு நான் வெள்ளையடிச்சுத் தாரேன். புள்ளைங்க இஷ்டத்துக்கு வரையட்டும். இது இன்னதுன்னு யாரும் போய் நிக்கக்கூடாது."

"தந்தேன். பண்டிதரே, இந்தச் சித்திரத்தில் தினம் புதிதாக ஒன்றைக் கண்டு பிள்ளைகளிடம் சொல்லும். சொன்ன பிறகுதான் உமக்குச் சோறு."

மறுநாள் உச்சிவேளை. பண்டிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இசக்கியின் பக்கத்தில் குந்தினார். "பாப்பா, எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே!"

இசக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தலையை ஆட்டிக்கிட்டே இருந்தா எப்படித் தெரியும்? கொஞ்சம் சாச்சுப் பாருங்க."