எண்பது முதுகுகள்

காலை ஐந்து மணி பதினேழு நிமிடம். கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி கலிபோர்னியாவின் அந்தக் கீரைப் பண்ணையை முழுவதும் மூடியிருந்தது. காற்று இல்லை.

பண்ணைச் சாலையில் இருவர் நின்றிருந்தனர். எலோடியா அந்தப் பண்ணையில் வேலை செய்யும் பெண், வயது முப்பத்தாறு. தம்மைச் சிகானோக்கள் என்று அழைத்துக்கொண்ட, மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர்களின் உரிமைக்காகப் பதினோரு ஆண்டுகள் ஊர் ஊராகச் சங்கம் கட்டியவர். நான்கு முறை சிறை கண்டவர். அன்செல்மோ வழக்கறிஞர், அதே மக்களில் ஒருவர். எலோடியாவைவிடப் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்தவர். ஆயினும் நகரத்து அலுவலகத்தைப் பூட்டிவிட்டு எலோடியாவிடம் கற்றுக்கொள்ள வந்திருந்தார்.

வேலைநிறுத்த அழைப்பு வந்தால் வயலைவிட்டு வெளியேறுவதென்று அந்தப் பண்ணையின் எண்பது தொழிலாளர்களும் வாக்களித்திருந்தனர். மறுநாளே, அழைப்பதற்கு நீதிமன்றம் தடை விதித்தது. ஒலிபெருக்கி கூடாது, கொடி கூடாது, கூவக் கூடாது. பக்கத்துப் பண்ணைகள் ஆறும் இந்த வயலையே பார்த்திருந்தன. இன்றும் எவரும் வெளியேறாவிட்டால் சங்கத்தைக் கலைத்துவிடுவதென்று முடிவாகியிருந்தது.

"எப்படித்தான் அழைக்கப் போகிறீர்கள்?" என்று அன்செல்மோ கேட்டார். "பட்டம் விடலாமா? ஆணையில் பட்டத்தைப் பற்றி ஒன்றும் இல்லை."

"காற்றும் இல்லையே, வக்கீல் ஐயா."

"நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை."

எலோடியா தம் களைக்கொத்தை நீட்டினார். அதன் கைப்பிடி ஒரு முழம்கூட இல்லை.

"இது ஏன் இவ்வளவு குட்டை?" என்று அவரைக் கேட்டார்.

"பயிருக்கு நல்லது என்று பண்ணைக்காரர்கள் சொல்கிறார்கள்."

"பயிரைக் கேட்டார்களாமா? கங்காணிக்கு நல்லது. எண்பது முதுகு குனிந்திருக்கும்போது ஒன்று நிமிர்ந்தால் வயலின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும்."

"நான் கேட்டது வேறு."

"பனி விலகட்டும்" என்று சொல்லிவிட்டு எலோடியா வயலில் இறங்கினார்.

ஒன்பது நாற்பதுக்குப் பனி விலகியது. அன்செல்மோ சாலையிலேயே நின்றிருந்தார். கண்ணுக்கெட்டிய வரை குனிந்த முதுகுகள்.

நடுவரிசையில் எலோடியா நிமிர்ந்தார். களைக்கொத்தைப் பிடித்த கையைத் தொங்கவிட்டு, அப்படியே நின்றார்.

கங்காணி டெல்ஃபினோ வரப்பில் ஓடிவந்தார். "என்ன எலோடியா, கீரை வானத்திலா முளைத்திருக்கிறது? குனி!"

எலோடியா பேசவில்லை.

"காது கேட்கவில்லையா? குனியாவிட்டால் சாயங்காலத்துக்குள் பண்ணை வீட்டைக் காலி செய்!"

அந்த வீட்டில் அவருடைய மூன்று பிள்ளைகள் இருந்தனர். எலோடியா ஒருமுறை வீடுகள் இருந்த பக்கம் பார்த்தார். குனியவில்லை.

கங்காணி யாரைப் பார்த்துக் கத்துகிறார் என்று அறியச் சிலர் தலை தூக்கினர். அடுத்த வரிசையில் உயரமான ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். பிறகு இருவர். டெல்ஃபினோ ஒவ்வொருவரிடமும் ஓடினார். பத்தாவது ஆளுக்குப் பிறகு ஓடுவதை நிறுத்தினார். அரைமணி நேரத்தில் வயலில் களைக்கொத்துகள் மட்டுமே கிடந்தன. அன்று அங்கே உரக்கக் கூவியவர் கங்காணி ஒருவரே.

மறுநாள் காலை டெல்ஃபினோ களைக்கொத்துகளைத் தனியாகப் பொறுக்கி லாரியில் ஏற்றினார். எழுபத்தொன்பது இருந்தன. பக்கத்துப் பண்ணைகள் ஆறிலும் எவரும் வேலைக்கு இறங்கவில்லை. எலோடியா மாதா கோயில் கூடத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இன்னும் தூக்கத்தில் இருந்தனர்.

அன்செல்மோ அழைப்பாணையுடன் வந்தார்.

"தடையை மீறி ஆட்களை அழைத்ததாக உங்கள்மேல் வழக்கு. பத்து மணிக்கு விசாரணை. நீங்கள் வாய் திறக்கவில்லை என்பதை நான் நிரூபித்துவிடுவேன். ஆனால் ஏன் எழுந்து நின்றீர்கள் என்று நீதிபதி கேட்பார். அதற்கு என்ன சொல்ல?"

எலோடியா பாத்திரங்களுக்கு நடுவிலிருந்து தம் களைக்கொத்தை எடுத்து நீட்டினார்.

"இதை அவர் கையில் கொடுங்கள். ஒரு மணி நேரம் வேலை செய்யட்டும். அப்புறம் கேட்கட்டும்."

அன்செல்மோ தம் பையைத் திறந்து, கோப்புகளில் பாதியை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் களைக்கொத்தை உள்ளே வைத்தார்.