கறுத்த சோறு

ஒச்சப்பன் அண்ணன் மடத்துக்குள்ள வரும்போது செருப்பைக் கழட்ட மறந்துட்டார். நாலு வருஷத்துல அதுதான் முதல் தடவை. கையில ஒரு தூக்குச்சட்டி. உள்ள பாம்பு இருக்கிற மாதிரி மூடியை அமுக்கிப் பிடிச்சிருந்தார்.

நான் குருவம்மா. இந்த மடத்துக்குச் சமையல் நான்தான். மடம்னா பெருசா நினைச்சுக்க வேண்டாம். ரெண்டு ஓட்டு அறை, ஒரு அடுப்படி, அவ்வளவுதான். சுகந்தி அம்மா காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுத்தவங்க. நாப்பது வயசுல அதை விட்டுட்டு இந்த மலையடிவாரத்துல வந்து உக்காந்துட்டாங்க. காவி கிடையாது, உபதேசம் கிடையாது. கேட்டா பதில் சொல்வாங்க, அதுவும் பாதிதான். மீதிக்கு நாமதான் மண்டையை உடைச்சுக்கணும். ஒச்சப்பன் அண்ணனுக்கு அறுபது வயசு. மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தவர். அவரும் இவங்களை அம்மான்னுதான் கூப்பிடுவார்.

"அம்மா, என் மகளுக்கு விஷம் வச்சுட்டாங்க."

என் கையில இருந்த கரண்டி நழுவிருச்சு. சுகந்தி அம்மா எந்திரிச்சு நின்னுட்டாங்க.

"பாண்டீஸ்வரி எங்க இருக்கா?"

"வீட்டுல. ஏழு மாசம்மா அவளுக்கு. நர்ஸம்மா வந்து பாத்துச்சு. நாடி நல்லாருக்கு, பிள்ளைத் துடிப்பு நல்லாருக்கு, ஒண்ணுமே இல்லைங்குது. மெல்லக் கொல்ற விஷமா இருந்தா அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"யார் வீட்டுச் சோறு?"

"சின்னக்காளை வீட்டுது."

சின்னக்காளை அவர் கூடப்பிறந்த தம்பி. கோயில்ல பரிவட்டம் யார் தலையில கட்டுறதுன்னு ஆரம்பிச்ச சண்டை, பன்னெண்டு வருஷமாச்சு. ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் கை நனைக்கிறதில்ல. எங்க பக்கம் சாப்பிட்டுக் கை நனைச்சா உறவு, நனைக்கலைன்னா பகை. பாண்டீஸ்வரி மாசமா இருக்கான்னு தெரிஞ்சதும் சின்னக்காளை பொண்டாட்டிக்கு மனசு கேக்கல. தேங்காய்ச் சோறு கிண்டி, புறவாசல் வழியாக் குடுத்துவிட்டிருக்கா. இந்தப் பிள்ளையும் வாய்க்கு ருசியா இருக்கவும் பாதியைத் தின்னுருச்சு.

"விஷம்னு எப்படிண்ணே தெரிஞ்சுது?" அம்மா கேட்டாங்க.

"காலையில கையில கருவேல முள் குத்திருச்சு. டிங்சர் போட்டுக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் இந்தத் தூக்கு கண்ணுல பட்டுச்சு. திறந்து பாத்தேன். டிங்சர் ரெண்டு சொட்டு சோத்துல விழுந்துச்சு. நீங்களே பாருங்க."

மூடியைத் திறந்தார். வெள்ளைச் சோத்துக்கு நடுவுல கருநீலமா ரெண்டு திட்டு. ஆத்தாடி!

"முப்பது வருஷம் மருந்து கலக்குனவன்மா நான். டிங்சர் பழுப்பு நிறம். சோத்துல பட்டதும் கறுத்துருச்சு பாத்தீங்களா? மருந்தே காட்டிக் குடுத்துருச்சு."

"வேற யார்கிட்ட சொன்னீங்க?"

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "மகன்கிட்ட. வீரணன் நாலு ஆளோட தம்பி வீட்டு முக்குல நிக்கிறான். நான் ஒரு வார்த்தை சொல்லணும்னு காத்துக்கிட்டிருக்கான்."

கையில என்ன வச்சிருக்காங்கன்னு அவர் சொல்லல. சொல்லவா வேணும்?

"டிங்சர் கொண்டு வந்திருக்கீங்களா?"

சட்டைப்பையில இருந்து சின்ன பாட்டிலை எடுத்துக் குடுத்தார். அம்மா என் பக்கம் திரும்பினாங்க.

"குருவம்மா, மத்தியானம் வடிச்ச சோறு கொஞ்சம் கொண்டாங்க."

கொண்டு போய் வச்சேன். ஒரு சொட்டு விட்டாங்க. கண்ணு முன்னாலயே கறுத்துருச்சு.

"சத்தியமா நான் ஒண்ணும் போடலம்மா!"

நான் கத்துன கத்துல ஓட்டு மேல இருந்த காக்கா பறந்துருச்சு. ஒச்சப்பன் அண்ணன் என்னை ஒரு பார்வை பாத்தார் பாருங்க, அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். நாலு வருஷமா என் கையால சாப்பிட்ட மனுஷன்.

"ஒரு உருளைக்கிழங்கை நறுக்கிக் கொண்டாங்க."

அதுலயும் சொட்டு விட்டாங்க. அதுவும் கறுத்துருச்சு.

"மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்குக்கு யாருண்ணே விஷம் வச்சா?"

அவர் கிழங்கையும் தூக்கையும் மாறி மாறிப் பாத்தார். "அப்ப... விஷம் இல்லையா?"

அம்மா தூக்குல திட்டு படாத பக்கமா ஒரு வாய் அள்ளிச் சாப்பிட்டாங்க. எனக்கு உசுரே இல்ல. அப்புறம் இன்னொரு பிடி உருட்டி அவர் கையில குடுத்தாங்க.

"வாயில போடுங்க. முழுங்கக் கூடாது, பேசக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் மெல்லணும்."

அவர் கை வாய்க்குப் போகாமப் பாதியில நின்னுச்சு. விஷத்துக்குப் பயந்தா, பன்னெண்டு வருஷத்துக்குப் பயந்தான்னு எனக்குத் தெரியல. கண்ணை மூடிக்கிட்டு வாயில போட்டார்.

அந்த நேரம் பாத்து போன் அடிச்சுது. திரையில வீரணன் பேரு. அண்ணன் கை போனுக்குப் போச்சு.

"மெல்லுங்க."

அடிச்சு நின்னுச்சு. திரும்ப அடிச்சுது. அப்பன் எடுக்கலைன்னா இந்தப் பய என்ன அர்த்தம் பண்ணிக்குவானோன்னு எனக்குப் பதறுது. அம்மா என்னைப் பாத்து, "எடுத்துப் பேசுங்க. உள்ளதைச் சொல்லுங்க" அப்படின்னாங்க.

எடுத்தேன். "அப்பா எங்க? நாங்க உள்ள போகவா, வேண்டாமா?" வீரணன் குரலே வேற மாதிரி இருந்துச்சு.

"உங்கப்பா சாப்பிட்டுக்கிட்டு இருக்காருய்யா."

"இந்நேரத்துக்கு என்ன சாப்பாடு?"

"உங்க சித்தப்பா வீட்டுச் சோறு."

பட்டுன்னு வச்சுட்டான். போறானா, திரும்புறானா, ஒண்ணும் தெரியல. நான் போனைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

ஒச்சப்பன் அண்ணன் மென்னுக்கிட்டே இருந்தார். திடீர்னு தாடை நின்னுச்சு. கண்ணைத் திறந்தார்.

"இனிக்குதும்மா."

"உங்க தம்பி பொண்டாட்டி சர்க்கரை போட்டிருப்பாங்களோ?"

"இல்ல. முதல்ல இனிக்கலை. இப்பத்தான்."

அம்மா ஒரு கிண்ணத்தை நீட்டினாங்க. துப்பினார். துளி தண்ணி விட்டுக் கலக்கி வெயில்ல வச்சாங்க. நான் ஒரு கட்டு கீரை ஆய்ஞ்சு முடிச்சேன். அதுல பாதி தண்டு போய்க் கீரையில விழுந்துச்சு, அது வேற விஷயம். அப்புறம் கிண்ணத்துல டிங்சர் ஒரு சொட்டு. கறுக்கல. பழுப்பு பழுப்பாவே இருந்துச்சு.

"கறுப்பு எங்கம்மா போச்சு?"

"சோறுங்கிறது சர்க்கரையைக் கண்ணி கண்ணியாக் கோத்த நீளச் சங்கிலி. அந்தச் சங்கிலியில பட்டாத்தான் டிங்சர் கறுக்கும். உங்க எச்சில் அதை அறுத்துருச்சு."

போன்ல டிங்குன்னு சத்தம். வீரணன் எழுதியிருந்தான். எழுத்துக் கூட்டிப் படிச்சேன்: வீட்டுக்கு வந்துட்டோம், அக்கா எந்திரிச்சுப் பசிக்குதுங்குது.

ஒச்சப்பன் அண்ணன் அப்படியே தரையில உக்காந்து அழுதார். நானும்தான். கொஞ்ச நேரம் கழிச்சு முகத்தைத் துடைச்சுக்கிட்டார். மனுஷன் சும்மா இருப்பாரா?

"விஷம் இல்ல, சரி. ஆனா அவன் வீட்டுச் சோறு என் பேரப்பிள்ளை உடம்புல சேந்துருச்சே?"

"சோறா சேராதுண்ணே. அரிசியோ பருப்போ, எல்லாம் சங்கிலிதான். உடம்பு அதை அறுத்துக் கண்ணியாக்கிரும். பிள்ளை தனக்கு வேணுங்கிற மாதிரி புதுசாக் கோத்துக்கும். எந்த அடுப்புல வெந்ததுன்னு கண்ணிக்குத் தெரியாது."

"எப்படிக் கோக்கணும்னு பிள்ளைக்கு யாரு சொல்லுவா?"

"அதுக்கும் ஒரு சங்கிலி இருக்கு. எழுதி வச்ச ஓலை மாதிரி. அதுல உங்க அப்பா எழுத்தும் கொஞ்சம் இருக்கும்." அம்மா கொஞ்சம் நிறுத்தினாங்க. "உங்க தம்பிகிட்டயும் அதே எழுத்துதான்."

அம்மா கறுத்த சோத்தை ஒதுக்கி எடுத்துட்டு, மிச்சத்தை எனக்கும் பங்கு வச்சாங்க. அந்தப் பொம்பளைக்குக் கைப்பக்குவம் இருக்கு, பொய் சொல்லக் கூடாது.

"கண்ணிக்குத் தெரியாதுன்னுட்டீங்க. எனக்குத் தெரியுதேம்மா. பன்னெண்டு வருஷம். நான் என்ன செய்யட்டும்?"

அம்மா எந்திரிச்சுப் போய்த் தூக்கைத் தேய்ச்சுக் கழுவினாங்க. முந்தானையால ஈரம் போகத் துடைச்சு அவர் கையில குடுத்தாங்க.

"வெறுந்தூக்காவாண்ணே திருப்பிக் குடுப்பீங்க?"