கருக்குவேல்புரத்துக்கு ஃபைபர் வந்த கதை

சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் ஃபைபர் இன்டர்நெட் வந்து வெகுகாலம் கழித்துத்தான் கருக்குவேல்புரத்துக்கு வந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால், ரோட்டைத் தோண்ட அனுமதி கிடைக்கவில்லை என்பார்கள் சிலர். செலவு கட்டுப்படியாகவில்லை என்பார்கள் வேறு சிலர். அதெல்லாம் மற்ற ஊர்களின் காரணம். இந்த ஊர்க் காரணத்தின் பெயர் தங்கப்பழம்.

தங்கப்பழம் அண்ணாச்சிதான் ஊருக்கு இன்டர்நெட் கொடுக்கிற ஒளிமதி கேபிள்ஸின் முதலாளி. தங்கமான மனுஷர். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார். அங்கேதான் வம்பு. அவரிடம் வேலை பார்த்த கொம்பையா, சொரிமுத்து, லூர்துசாமி மூவரும் அவரையும் மிஞ்சிய சொல்பேச்சுக்காரர்கள்.

ஃபைபர் பேச்சு முதலில் எழுந்தபோது ஃபைபர் கம்பெனியின் மதுரை ஆபீசிலிருந்து செல்வின் என்கிற இன்ஜினியர் வந்தார். தெருத்தெருவாகத் தொங்கிய பழைய செம்பு வயரைச் சோதித்துப் பார்த்தார். "இதுல இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கு அண்ணாச்சி. உயிர் போனதும் மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அன்றிலிருந்து லூர்துசாமி தினமும் காலையில் ஏணி போட்டு ஏறி, வயரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு இறங்குவான்.

"எப்படிலே இருக்கு?" என்பார் அண்ணாச்சி.

"இழுத்துக்கிட்டு இருக்கு அண்ணாச்சி."

"நல்லா உழைச்ச வயரு. கடைசிக் காலத்துல நாம போய்த் தொந்தரவு பண்ணப்பிடாது" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று. ஒரு வெயில்காலமும் போயிற்று. வயர் போகவில்லை.

ஒருநாள் ராஜகனி டீச்சர் கடைக்கே வந்துவிட்டார். நார்வேயில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்டர்நெட் வழியாக எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர் அவர்.

"அண்ணாச்சி, என் படம் அப்படியே நின்னுபோவுது. 'ஔ'ன்னு வாயைத் தொறந்தா தொறந்தபடியே நிக்கேன். அங்க பிள்ளைகளும் வாயைத் தொறந்துக்கிட்டே உக்காந்திருக்கு. போன மாசத்துலயிருந்து ஒருத்தரும் ஔவையாருக்கு வந்து சேரல."

"வயருக்கு உடம்பு சரியில்ல டீச்சர்."

"அது எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபைபர் வரணும். இல்லைன்னா நான் பக்கத்து ஊர் கம்பெனிக்கு மாறிக்கிடுதேன். நான் மாறினா தெருவே மாறும், பாத்துக்கிடுங்க."

டீச்சர் தெருதான் அண்ணாச்சிக்குச் சோறு போடுகிற தெரு. உடனே செல்வினுக்கு போன் போட்டார்.

செல்வினும் ஏதோ அவசரத்தில் இருந்தார். "பழைய வயர் கிடக்கட்டும் அண்ணாச்சி. புது வயரை பஸ்ல போட்டு விடறேன். அது கண்ணாடி இழை, பத்திரம். அதுக்குள்ள வெளிச்சம் போகும். உலகத்துலயே அதைவிட வேகமா எதுவும் போகாது. வளைச்சிராதீங்க. டீச்சர் வீட்டுக்கு இழுத்து மட்டும் வையுங்க. வெள்ளிக்கிழமை காலையில வந்து நான் இணைச்சுக் குடுக்கறேன்."

கண்ணாடி என்று சொல்லிவிட்டாரே. பஸ் ஸ்டாண்டில் வந்திறங்கிய வயர் உருளையை இரண்டு மெத்தைக்கு நடுவில் வைத்து, பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற மாதிரி லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தார்கள். கொம்பையா முன்னால் நடந்தான். தும்மப் போன ஒரு பெரியவரை, அடுத்த தெருவில் போய்த் தும்மும்படி மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். அவரும் போய்த் தும்மிவிட்டு வந்தார்.

கடையிலிருந்து கம்பம் கம்பமாக வயரை இழுத்து வந்தார்கள். மாவு மில் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மில் முக்கில் ரோடு வலது பக்கம் திரும்பியது. டீச்சர் வீடு அந்தத் திருப்பத்துக்கு அப்புறம் இருந்தது.

நால்வரும் நின்றுவிட்டார்கள்.

"ரோடு வளையுதே" என்றான் கொம்பையா.

"ரோடு வளையலாம். ரோடு கண்ணாடியில்லையே" என்றான் சொரிமுத்து.

"வயரு வளையலாமா?"

"வளையப்பிடாது. சார் சொல்லிட்டாரு."

அண்ணாச்சி நெடுநேரம் யோசித்தார். "சொன்ன சொல்லை மீறப்பிடாது. நேராப் போங்கலே."

நேராகப் போனார்கள். மில்லின் முன் ஜன்னலில் நுழைந்து, மிளகாய் மூட்டைகளின் மேலாகப் போய், பின் ஜன்னலில் வெளியே வந்தார்கள். பின்வீட்டு அடுக்களையில் வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மாளைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த வீட்டுக் குளியலறைக் கூரையையும் தாண்டி வாழைத்தோப்பில் இறங்கினார்கள். அங்கே வயர் தீர்ந்தது. நூல் பிடித்த மாதிரி அப்படியொரு நேர். தேர்ந்த கொத்தனார்கூட அந்த வேலையில் குற்றம் சொல்ல முடியாது. ஒரே குறை, அந்த இடத்தில் வீடு இல்லை.

விடிந்தால் வெள்ளிக்கிழமை.

"வயரு சரியாத்தான் வந்திருக்கு. வீடுதான் தள்ளி நிக்குது" என்றான் லூர்துசாமி.

"ஜாக்கி வச்சு வீட்டை ஒசத்துதாங்கள்லா? ஒசத்த முடிஞ்சா நகத்தவும் முடியும்" என்றான் கொம்பையா.

"டீச்சர் சம்மதிக்கணுமே" என்றான் சொரிமுத்து.

நியாயமான பேச்சாகத்தான் பட்டது அண்ணாச்சிக்கு. தயங்கித் தயங்கி டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"டீச்சர், இந்த வீடு இதே இடத்துலதான் இருக்கணும்னு உங்களுக்கு ஏதாவது இருக்கா?"

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இல்ல, வாழைத்தோப்புப் பக்கம் நல்ல காத்து வருது. அதான் கேட்டேன்."

"அண்ணாச்சி, நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்று சொல்லிவிட்டு டீச்சர் கதவைச் சாத்தினார். அன்றைக்கு அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. பிழைப்பு போச்சு என்றே முடிவு செய்துவிட்டார்.

காலையில் செல்வின் வந்தார். வயரைப் பிடித்துக்கொண்டே மில்லுக்குள் நுழைந்தவர், கையில் ஒரு வடையோடு வாழைத்தோப்பில் வந்து சேர்ந்தார். வரப்பில் உட்கார்ந்து அதைத் தின்று முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"வளைக்கவே கூடாதுன்னு யார் சொன்னது?"

"நீங்கதான் சார்" என்றார்கள் நால்வரும்.

"வெடுக்குனு ஒடிக்கிற மாதிரி வளைக்காதீங்கன்னு அர்த்தம். அகலமா, பதமா வளைச்சா ஒண்ணும் ஆகாது."

வயரைத் திரும்ப இழுத்து வந்து மில் முக்கில் மெல்ல வளைத்தார். சொரிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொம்பையா காதைப் பொத்திக்கொண்டான். வயர் உடையவில்லை. மத்தியானத்துக்குள் டீச்சர் வீட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

சாயங்கால வகுப்பில் டீச்சர் 'ஔ' என்று வாயைத் திறந்தார். திறந்த வாய் மூடியது. நார்வேப் பிள்ளைகள் ஒருவழியாக ஔவையாரைப் பார்த்தார்கள். டீச்சர் தெரு முழுக்கச் சொல்லிவிட, ஆளாளுக்கு ஃபைபர் வேண்டும் என்று கடை வாசலில் வந்து நின்றார்கள். பிழைப்பு பிழைத்தது.

ஆனால் மறுநாள் அண்ணாச்சி மில் முக்கில் நின்று அந்த வளைவையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி?" என்றான் லூர்துசாமி.

"சார் ஒண்ணை யோசிக்காம போயிட்டாருலே. வெளிச்சம்தான் உலகத்துலயே வேகமா வரும்னு அவரே சொன்னாரு. அம்புட்டு வேகத்துல வந்து இந்த முக்குல திரும்பினா கவுந்துராதா?"

மூவரும் கலங்கிப்போனார்கள். போன அறுப்பில் வைக்கோல் லாரி கவிழ்ந்ததும் அதே முக்கில்தான். அது மெதுவாகத்தான் வந்தது.

தகரத்தில் ஒரு போர்டு எழுதினார்கள்: 'ஆபத்தான வளைவு. மெதுவாகச் செல்லவும்.' வெளிச்சம் வருகிற திசையைப் பார்த்து அதை வயரில் தொங்கவிட்டார்கள். டீச்சர் பேசுவது நார்வேக்குத் திரும்பிப் போகவும் வேண்டுமே என்று லூர்துசாமி ஞாபகப்படுத்தியதால், எதிர்த் திசைக்கும் ஒன்று.

சாயங்காலம் மழை தூறியது. டீச்சர் போன் செய்தார். "அண்ணாச்சி, இன்னைக்கு நெட்டு கொஞ்சம் மெதுவா இருக்கே?"

"போர்டைப் படிச்சிருக்கு டீச்சர். இனிமே பயமில்ல" என்றார் அண்ணாச்சி. அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

சொரிமுத்துவுக்கு மட்டும் ஒரு கவலை. "அண்ணாச்சி, பகல்ல படிச்சிரும். ராத்திரி இருட்டுல எப்படிப் படிக்கும்? போர்டுக்குப் பக்கத்துல ஒரு பல்பு போடுவமா?"

அண்ணாச்சி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏ கோட்டிக்காரா, வாறதே வெளிச்சம். அதுக்கு எதுக்குலே பல்பு?"