இரண்டு பாடம் படித்த நீர்நாய்க்குட்டி

காட்டாற்றின் ஆழமான மடுவில் சுழலி என்ற பெண் நீர்நாயும் தும்பன் என்ற ஆண் நீர்நாயும் குடும்பம் நடத்தின. அவற்றுக்குக் குமிழி என்று ஒரே குட்டி.

குடும்பம் என்று பேர்தான். விடிந்தால் சண்டை, பொழுதடைந்தால் சண்டை. மீனைத் தலைப்பக்கமிருந்து தின்பதா, வால்பக்கமிருந்து தின்பதா என்பதில்கூட இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை.

கடைசியில் ஒருநாள் சுழலி சொன்னது: "போதுங்க! இனிமே ஒரே வளையில நம்மால இருக்க முடியாது!"

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்!" என்றது தும்பன்.

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒத்துப்போயின. தும்பன் அக்கரைக்குப் போய் வேறு வளை தோண்டிக்கொண்டது.

ஆனால் குமிழி யாரிடம் வளர்வது?

"பெத்தவ நான்! என்கிட்டதான் இருக்கணும்!"

"அப்பன் நான் உயிரோடதானே இருக்கேன்! என்கிட்டதான் இருக்கணும்!"

வழக்கு காட்டெருமை கொம்பாயியிடம் போனது. அந்தக் காட்டில் கொம்பாயியின் தீர்ப்புக்கு மறுபேச்சு கிடையாது.

"அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ற விஷயம் இல்ல இது. மழைக்காலத்துக்கு முன்னாடி விசாரிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் குட்டி ஒரு வாரம் அம்மாகிட்ட, ஒரு வாரம் அப்பாகிட்ட இருக்கட்டும்" என்றது கொம்பாயி.

அப்படியே நடந்தது. ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு. சுழலி குட்டியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு நீந்திப்போய் அங்கே இறக்கிவிடும். தும்பன் வந்து கவ்விக்கொண்டு போகும். இரண்டும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காது. குமிழி மட்டும் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கும்.

இந்த நேரத்தில்தான் சொல்லழகன் என்ற நரி சுழலியைத் தேடி வந்தது. அடுத்தவர் வழக்கு என்றால் அதற்கு நாக்கில் எச்சில் ஊறும்.

"தங்கச்சி! நீ இப்படி வெள்ளந்தியா இருந்தா குட்டியைப் பறிகொடுத்துட்டுதான் நிப்பே!"

"ஐயையோ! நான் என்ன பண்ணணும் அண்ணே?"

"கொம்பாயி குட்டியைக் கூப்பிட்டு விசாரிக்கும். 'அப்பா கடிக்கிறாரு, பட்டினி போடுறாரு'ன்னு சொல்லச் சொல்லி இப்பவே பழக்கு!"

"அவரு ஒருநாளும் கடிச்சதில்லையே!"

"வழக்குன்னு வந்தப்புறம் அதெல்லாம் பார்க்க முடியுமா? உனக்குக் குட்டி வேணுமா, வேண்டாமா?"

சுழலிக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் குமிழி இல்லாத வளையை நினைத்துப் பார்த்தது. நரிக்குக் கொழுத்த கெண்டையாகப் பிடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டுக் குட்டியைப் பிடித்து உட்காரவைத்தது.

"அம்மா, விளையாடலாமா?"

"முதல்ல சொல்லு! அப்பா என்ன பண்றாரு?"

"கடிக்கிறாரு."

"அப்புறம்?"

"பட்டினி போடுறாரு. அம்மா, இப்ப விளையாடலாமா?"

"இன்னும் சத்தமா சொல்லு!"

இப்படியே நாள்கள் ஓடின. வானத்தில் கருமேகம் திரள ஆரம்பித்தது. தீர்ப்புநாள் வந்தது. மான், முயல், மயில் என்று காடே ஆற்றங்கரையில் கூடிவிட்டது. சொல்லழகன் கூட்டத்தின் நடுவே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

கொம்பாயி குமிழியை அருகில் அழைத்தது. "பயப்படாதே கண்ணு. உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு."

குமிழி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. ஒரே மூச்சில் ஆரம்பித்தது.

"அப்பா கடிக்கிறாரு! பட்டினி போடுறாரு! அம்மா என்னைத் தனியா விட்டுட்டு ஊர் சுத்துறாங்க! அழுகின மீனைக் குடுக்குறாங்க!"

சுழலி திடுக்கிட்டது. கூட்டத்தில் சலசலப்பு.

குமிழி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டது: "ரெண்டு பாடத்தையும் தப்பில்லாம சொல்லிட்டேனா? இனிமே விளையாடலாமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கொம்பாயி மட்டும் சிரிக்கவில்லை.

"இந்தப் பாடமெல்லாம் யார் சொல்லிக்குடுத்தா?"

"அம்மா பாடம் அம்மா சொல்லிக்குடுத்தாங்க. அப்பா பாடம் அப்பா சொல்லிக்குடுத்தாரு. ரெண்டு வீட்டுக்கும் நரி மாமா வந்து மீன் வாங்கிட்டுப் போவாரு!"

"என்னது! உன்கிட்டயும் வந்தானா?" என்று தும்பன் கத்தியது.

"உங்ககிட்டயுமா?" என்று சுழலி கத்தியது.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்தன. இரண்டும் ஒன்றாகத் திரும்பி நரியைத் தேடின. அது அதற்குள் புதருக்குள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது!

கொம்பாயி மறுபடியும் குட்டியைக் கேட்டது. "பாடம் இருக்கட்டும். உனக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியாதே!"

தும்பன் சொல்லிக்கொடுத்திருக்கும் என்று சுழலி நினைத்திருந்தது. சுழலி சொல்லிக்கொடுத்திருக்கும் என்று தும்பன் நினைத்திருந்தது. மழை பெய்து வெள்ளம் வந்தால் ஆற்றோரத்து வளைகள் மூழ்கிவிடும். நீந்தத் தெரியாத குட்டியின் கதி?

சுழலி முன்னால் வந்தது. "தாயே, அவரு கடிச்சதே இல்ல. நான் சொல்லச் சொன்னது பொய். குட்டி என்கிட்ட இருந்தாலும் சரி, அவருகிட்ட இருந்தாலும் சரி. முதல்ல அதுக்கு நீச்சல் வரணும். முங்கி நீந்தறதுல அவரை மிஞ்ச இந்த ஆத்துல ஆளில்ல. அவரு சொல்லிக்குடுக்கட்டும்."

தும்பன் தலையைக் குனிந்துகொண்டது. "நான் சொல்லச் சொன்னதும் பொய்தான். எதிர்நீச்சல் சுழலிக்குத்தான் நல்லா வரும். அதை அவதான் சொல்லிக்குடுக்கணும்."

கொம்பாயி தீர்ப்புச் சொன்னது: "நீங்க பிரிஞ்சது பிரிஞ்சதுதான். அதுல நான் தலையிடல. குட்டி அம்மாவோட வளையில தூங்கட்டும். பகல்ல அப்பாவோட ஆத்துல இருக்கட்டும். நீச்சல் மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லிக்குடுங்க. ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் குட்டி காதுல குறை சொல்லக் கூடாது. மீறினா என் கொம்புக்குப் பதில் சொல்லணும்!"

அன்று மாலையே குமிழி தண்ணீரில் இறங்கியது. முதலில் கல்லு மாதிரி மூழ்கியது. தும்பன் தலையால் முட்டி மேலே தள்ளியது. வலப்பக்கம் சுழலி, இடப்பக்கம் தும்பன்.

"காலை நல்லா உதை!" என்றது சுழலி.

"காலை விடு, வாலை ஆட்டு!" என்றது தும்பன்.

இரண்டும் முறைத்துக்கொண்டன. பிறகு என்ன தோன்றியதோ, சிரித்துவிட்டன. அதற்குள் குமிழி காலையும் உதைத்து, வாலையும் ஆட்டி, இரண்டையும் தாண்டிப் போய்விட்டது!

கணவனும் மனைவியும் பிரிந்து வாழலாம். ஆனால் பிள்ளையை ஆயுதமாக்கிச் சண்டையிடும் பெற்றோர், வழக்கில் ஜெயித்தாலும் பிள்ளைக்குக் கெடுதலே செய்கிறார்கள்.